‘ஒரு சதவீத நிலம்தான் போகிறது’ என்று சொல்லும் கழிமுக அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். பாதுகாக்கப்பட்ட ஒரு கழிமுகத்தின் ஓரத்தில் ரசாயன ஆலை ஒன்றும், அதற்குக் கப்பல் வந்து நிற்க ஓர் இறங்குதுறையும் வரப்போகின்றன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியாகிவிட்டது, பல நூறு பக்கங்கள். கழிமுகத்தின் மொத்தச் சேற்றுப்பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் எடுக்கப்படுகிறது, ஆகவே குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று அதன் முடிவுரை சொல்கிறது. இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இன்னும் கொஞ்சம் அடிப்படையானது என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் இல்லாத ஒருவர் இப்படி ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தால் எதைத் தேட வேண்டும், எங்கே சந்தேகப்பட வேண்டும், எதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்? நான் கரையோரச் சூழலியல் படித்தவன். இத்தகைய அறிக்கைகளை எழுதும் குழுக்களிலும், அவற்றைச் சரிபார்க்கும் குழுக்களிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். உங்கள் ஊர் அறிக்கையை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த ஆலை வரலாமா கூடாதா என்று தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது. சட்டமும் என் துறை இல்லை. அறிக்கையின் அறிவியல் பகுதியை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த ஒரு சதவீதத்திலிருந்தே தொடங்குவோம். பரப்பளவைச் சதவீதமாகச் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கழிமுகத்தில் வாழும் உயிர்கள் ஹெக்டேர் கணக்கில் வாழ்வதில்லை, ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதன், மணிக்கணக்கில் வாழ்கின்றன. வலசை வரும் உள்ளான் போன்ற கரைப்பறவைகள், தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் நேரத்தில் மட்டுமே இரை தேட முடியும். கழிமுகத்தின் நடுவில் தாழ்வாக இருக்கும் பெரிய சேற்றுத் திட்டுகளில் இரை நிறைய இருக்கலாம், ஆனால் அவை வெளியே தெரிவது கொஞ்ச நேரம்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட அரைநிலா நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறிதாகிவிடும். அப்போது அந்தத் தாழ்ந்த திட்டுகள் வெளியே வராமலேகூடப் போகலாம். கரையை ஒட்டிய மேட்டுச் சேறு அப்படியில்லை. தண்ணீர் இறங்கும்போது முதலில் வெளிப்படுவதும், ஏறும்போது கடைசியில் மூழ்குவதும் அதுதான். நடுத்திட்டில் வயிறு நிறையாத பறவை, இளம் பறவை, வலுக்குறைந்த பறவை எல்லாம் அந்த முதல் மணியிலும் கடைசி மணியிலும் மிச்சப் பசியை அங்கேதான் தீர்த்துக்கொள்கின்றன. ஆலையும் இறங்குதுறையும் கரையை ஒட்டித்தான் வரும். ஆக, எடுக்கப்படும் ஒரு சதவீதம் பெரும்பாலும் இந்த மேட்டுச் சேற்றிலிருந்துதான் போகிறது. மீன்குஞ்சுகளுக்கும் இதே கதைதான். பெரிய மீன் நுழைய முடியாத ஆழமற்ற ஓடைகள் வரைபடத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரியும், அவற்றின் பரப்பளவு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் குஞ்சுகள் வளர்வது அங்கேதான்.

எனவே அறிக்கையில் முதலில் தேட வேண்டிய தகவல் இது: எடுக்கப்படும் அந்த இடத்தை எந்த உயிர், ஓதத்தின் எந்த நேரத்தில், ஆண்டின் எந்த மாதங்களில், எதற்காகப் பயன்படுத்துகிறது? இதற்கு நேரடியான பதில் இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். சதவீதம் மட்டும் இருந்தால், மதிப்பீடு இன்னும் தொடங்கவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1971இல் கையெழுத்தான ராம்சர் ஈரநில ஒப்பந்தத்தில், ஒரு நீர்ப்பறவை இனத்தின் அல்லது அதன் பிரதேசக் கூட்டத்தின் மொத்த எண்ணிக்கையில் 1% வழக்கமாக வந்து தங்கினாலே அந்த ஈரநிலம் உலக முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. அங்கே ஒரு சதவீதம் என்பது ‘பெரிது’ என்று சொல்லும் அளவுகோல். நிலம் இழப்பைப் பேசும்போது மட்டும் அதே எண் ‘சிறிது’ என்பதற்குச் சான்றாக வந்து நிற்கிறது. இந்த இரண்டாவது பயன்பாட்டுக்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013இல், அயர்லாந்தில் ஒரு சாலைத் திட்டம் தொடர்பான வழக்கில் இதைத் தொட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருந்த சுமார் 270 ஹெக்டேர் சுண்ணாம்புப் பாறைத் தளத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேர்தான் போகவிருந்தது. அந்தப் பகுதி எதற்காகப் பாதுகாக்கப்பட்டதோ அந்த வாழிடமே திரும்பப் பெற முடியாதபடி நிரந்தரமாக இழக்கப்பட்டால், பரப்பு சிறியது என்பதால் மட்டும் பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அது கழிமுகம் இல்லை, உங்கள் நாட்டுச் சட்டமும் வேறாக இருக்கலாம். ஆனாலும் அந்தச் சிந்தனை முறை எங்கும் பொருந்தும்.

சரி, இடம் போனால் பறவைகள் பக்கத்துச் சேற்றுக்குப் போய்விடாதா? ஏறக்குறைய எல்லா அறிக்கைகளிலும் வரும் வாதம் இது. இதைச் சோதித்துப் பார்த்த நல்ல ஆய்வுகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. வேல்ஸில் கார்டிஃப் விரிகுடாவின் வாயில் 1999இல் தடுப்பணை மூடப்பட்டது. சுமார் 200 ஹெக்டேர் சேற்றுநிலம் நிரந்தரமாக நன்னீருக்கு அடியில் போனது. அது ஆலைத் திட்டம் இல்லை, நகர மேம்பாட்டுத் திட்டம். ஆனாலும் இழப்பு ஒரேயடியாக நடந்ததாலும், அங்கே குளிர்காலம் கழித்த ரெட்ஷாங்க் என்ற சிவந்த கால் உள்ளான்களுக்கு முன்கூட்டியே அடையாள வளையம் போட்டிருந்ததாலும், அவற்றின் கதி என்ன ஆனது என்று பின்தொடர முடிந்தது. பெரும்பாலானவை பக்கத்துச் சேற்றுக்குத்தான் போயின. அதுவரை அறிக்கைகள் சொல்வது சரி. ஆனால் போன பறவைகளின் உடல் எடை, ஏற்கெனவே அங்கே இருந்தவற்றை விடக் குறைந்தது. வளர்ந்த பறவைகள் ஓர் ஆண்டைக் கடந்து உயிரோடிருக்கும் விகிதம் சுமார் 85 சதவீதத்திலிருந்து 78 சதவீதத்துக்கு இறங்கியது. ஆண்டுதோறும் கூடுதலாக ஏழு சதவீதம் சாவது மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் ஒரு பறவைக்குச் சின்ன விஷயம் இல்லை. தென்கொரியாவில் சேமாங்கும் கழிமுகத்தின் குறுக்கே 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006 ஏப்ரலில் மூடப்பட்டபோது இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே தங்கி இரையெடுத்துப் போன கிரேட் நாட் என்ற உள்ளான் வகை, கொரியாவின் மற்ற கழிமுகங்களில் அதே அளவுக்குக் கூடவில்லை. அது குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் எண்ணிக்கை விழுந்தது. பக்கத்து இடத்துக்குப் போய்விடும் என்ற வாதத்தை எழுதுபவர், பக்கத்து இடத்தில் எவ்வளவு இரை இருக்கிறது, ஏற்கெனவே எத்தனை வாய்கள் அதைப் பங்குபோடுகின்றன என்று அளந்து காட்ட வேண்டும். அப்படி அளந்த அறிக்கைகளை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நிலத்தை எடுப்பது கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு. கப்பல் வருவதற்காகக் கால்வாயை ஆழப்படுத்துவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. பொதுமக்கள் கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. கழிமுகத்தின் அடித்தளம் உள்ளே வரும் ஓதத்தை உராய்வால் தடுத்து மெதுவாக்குகிறது. ஆழப்படுத்தினால் அந்த உராய்வு குறைகிறது. ஓதம் வேகமாகவும் உயரமாகவும் உள்ளே ஏறுகிறது. ஏற்றத்தின் வேகம் இறக்கத்தின் வேகத்தை விட அதிகமாகிவிட்டால், உள்ளே வரும் வண்டல் வெளியே போகும் வண்டலை விட அதிகமாகிறது. நுண்ணிய சேறு தங்கித் தங்கி அடித்தளத்தை வழவழப்பாக்குகிறது, அதனால் உராய்வு மேலும் குறைகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு இது தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் சுழல். ஜெர்மனியின் வடமேற்கில் ஓடும் எம்ஸ் ஆற்றில் இது நடந்தேவிட்டது. உள்நாட்டில் பாப்பன்பர்க் ஊரில் கட்டப்படும் பெரிய பயணக் கப்பல்களைக் கடலுக்குக் கொண்டுபோக, அந்த ஆறு திரும்பத் திரும்ப ஆழப்படுத்தப்பட்டது. ஓதத்தின் உயரம் கூடியது. இன்று அந்த ஆற்றின் அடியில் குழம்பு போன்ற திரவச் சேறு படிந்திருக்கிறது. கோடையில் அங்கே ஆக்சிஜன் மீன் வாழ முடியாத அளவுக்கு விழுகிறது. ஒவ்வொரு முறை ஆழப்படுத்தியபோதும் அது கொஞ்சம்தான். எந்த ஒரு தடவையையும் தனியாகப் பார்த்தால் பாதிப்பு சிறிதாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் கணிக்கும் கணினி மாதிரிகள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. அளவெடுத்த தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தால் அவற்றை நம்பலாம். உப்புத்தன்மைக் கணிப்பும் ஓரளவு நம்பகமானது. வண்டல் எவ்வளவு நகரும், எங்கே படியும் என்பது வேறு விஷயம். கணிப்பும் அளவும் இரண்டு மடங்கு வித்தியாசத்துக்குள் வந்தாலே நல்ல மாதிரி என்று அந்தத் துறையினரே சொல்வார்கள். இருபது முப்பது ஆண்டுகளில் சேற்றுத் திட்டுகளின் வடிவம் எப்படி மாறும் என்பதில் யாராலும் துல்லியம் காட்ட முடியாது. ஆகவே வண்டல் படிவு மாற்றத்தை மில்லிமீட்டர் கணக்கில், பிழைவரம்பு எதுவும் சொல்லாமல் எழுதியிருக்கும் அட்டவணையைப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள்: இந்தக் கணினி மாதிரி எந்த அளவீட்டோடு ஒப்பிடப்பட்டது? அந்த அளவீடு எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது? வெள்ளக்காலம் அதில் வருகிறதா? ஆற்று வெள்ளத்தில் சில நாட்களில் வந்து சேரும் வண்டல், அமைதியான பல மாதங்களின் வண்டலை மிஞ்சிவிடும்.

தூர்வாருவதில் இன்னொரு ஆபத்து சேற்றுக்குள்ளேயே இருக்கிறது. கழிமுகச் சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் அல்லது சில சென்டிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இருக்காது. அங்கே காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் சல்பைடோடு பிணைந்து, உயிர்களுக்குள் எளிதில் போக முடியாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கின்றன. கிளறி நீரில் கலக்கும்போது ஆக்சிஜன் பட்டு அந்தப் பிணைப்பு உடைகிறது. பழைய தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் இருந்த கழிமுகம் என்றால், பல பத்தாண்டுகளின் கழிவு அடுக்கடுக்காக உள்ளே இருக்கும். கப்பல் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசிய டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணப்பூச்சு இதற்கு நல்ல உதாரணம். பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் ஆளிச் சிப்பி வளர்ப்பு நொடித்துப்போனதால் 1982இல் அந்த நாடு சிறு படகுகளில் அதைத் தடை செய்தது. உலக அளவிலான ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. தண்ணீரில் அது சீக்கிரம் குறைந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பல ஆண்டுகள் தங்கிவிடும். அதனால் அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: சேற்று மாதிரி எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது? மேற்பரப்பில் பத்து சென்டிமீட்டரை அள்ளிச் சோதித்துவிட்டு, ஆறு மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாரும் திட்டத்துக்கு ‘மாசு இல்லை’ என்று எழுதினால் அந்தச் சோதனை கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

ஆலையிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றிய அத்தியாயம் பொதுவாக மற்றவற்றை விட ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் அதற்குத் தெளிவான வரம்புகள் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது சராசரிகளை. வெந்நீரோ ரசாயனக் கழிவோ கலந்து நீர்த்துப்போவதை ஓதத்தின் சராசரி ஓட்டத்தில் கணக்கிட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஏற்றமும் இறக்கமும் திரும்பும் நேரத்தில் நீர் சற்றே நின்றுவிடும். கோடை, ஆற்றில் நீர்வரத்து குறைவு, அரைநிலா நாள், நீர் நிற்கும் நேரம், இந்த நான்கும் ஒன்றாக வரும் நிலையில் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெப்பம் கூடினால் நீரில் ஆக்சிஜன் கரையும் அளவு குறையும், அதே சமயம் உயிர்களின் ஆக்சிஜன் தேவை கூடும். இரண்டும் சேர்ந்து அடிக்கும். குளிர்விக்க நீர் உறிஞ்சும் ஆலை என்றால், உறிஞ்சும் குழாயில் போய்ச் சேரும் மீன்முட்டைகளையும் குஞ்சுகளையும் தனியாகக் கணக்கிட்டிருக்க வேண்டும். பிரிட்டனில் செவெர்ன் கழிமுகத்தை ஒட்டிக் கட்டப்படும் ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையத்தில், உறிஞ்சும் வாயருகே மீன்களை விரட்டும் ஒலிக்கருவி வேண்டுமா என்பதே பல ஆண்டுச் சர்ச்சையானது.

அடுத்தது அடிப்படை ஆய்வு, அதாவது திட்டம் வருவதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்ற பதிவு. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. இதுதான் பெரும்பாலும் பலவீனமாகவும் இருக்கிறது. கழிமுகம் இயல்பிலேயே தள்ளாட்டம் நிறைந்த இடம். உப்பு, வெப்பம், கலங்கல், ஆக்சிஜன் எல்லாம் ஒரே நாளில் பலமுறை மாறும். அதைத் தாங்கும் சில இனங்கள் மட்டும் ஏராளமாகப் பெருகியிருக்கும். மாசுபட்ட கடலடியிலும் இதே தோற்றம்தான்: இனங்கள் குறைவு, எண்ணிக்கை அதிகம், உடல் சிறிது. இதனால், கடலுக்காக உருவாக்கப்பட்ட தரக் குறியீடுகளை இங்கே போட்டால் நல்ல கழிமுகமும் ‘சீரழிந்தது’ என்று காட்டும். ஏற்கெனவே சீரழிந்த இடம், இழக்க ஒன்றுமில்லை என்று இதை வைத்து எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். சூழலியலாளர்களுக்கு நன்கு தெரிந்த முரண் இது. தெரிந்த பிறகும் அப்படி எழுதுவது எனக்கு ஏற்க முடியாதது.

இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் ஓர் ஆண்டு ஆய்வு எதையும் நிலைநாட்டாது. புழுவும் மட்டியும் ஓராண்டில் பெருகி மறு ஆண்டில் காணாமல் போகும். சந்திரனின் பாதை மாற்றத்தால் ஓதத்தின் வீச்சு 18.6 ஆண்டுச் சுழற்சியில் சற்றே கூடிக் குறைகிறது. சேறு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதும் அதோடு மாறும். திட்டத்துக்கு முன்னும் பின்னும், பாதிக்கப்படும் இடத்திலும் பாதிக்கப்படாத ஒப்பீட்டு இடங்களிலும் அளப்பதுதான் ஏற்கப்பட்ட முறை. ஒரே ஒரு ஒப்பீட்டு இடம் போதாது, பல வேண்டும். பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. உயர் ஓதத்தில், பறவைகள் கரையில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும்போது எண்ணுவது சுலபம். மொத்த எண்ணிக்கைக்கு அது சரியான முறையும்கூட. ஆனால் அவை எங்கே இரையெடுக்கின்றன என்பதை அது சொல்லாது. அதற்குத் தாழ் ஓதத்தில், வெவ்வேறு நேரங்களில் எண்ண வேண்டும். இரவிலும் வேண்டும், ஏனென்றால் கரைப்பறவைகள் பல இரவிலும் இரை தேடுகின்றன. ஆலையின் விளக்கு வெளிச்சம் அவற்றை எப்படிப் பாதிக்கும் என்ற அத்தியாயம், இரவுத் தரவே இல்லாமல் எழுதப்படுவது சாதாரணமாக நடக்கிறது.

‘புள்ளியியல் ரீதியாக வேறுபாடு இல்லை’ என்ற வரியைக் கண்டால் எத்தனை மாதிரிகள் எடுத்தார்கள் என்று உடனே பாருங்கள். மாதிரிகள் குறைவாக இருந்தால், ஓர் இனம் பாதியாகக் குறைந்தாலும் அந்த ஆய்வால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். நல்ல அறிக்கை தன் ஆய்வால் எவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க முடியும் என்று முன்கூட்டியே சொல்லும். நெதர்லாந்தின் வாடன் கடலில் இயந்திரத்தால் மட்டி அள்ளுவது தொடர்பாக ஐரோப்பிய நீதிமன்றம் 2004இல் சொன்னது இதற்கு நெருக்கமானது: பாதுகாக்கப்பட்ட பகுதியின் முழுமைக்குத் தீங்கு வராது என்பதில் நியாயமான அறிவியல் ஐயம் எதுவும் மிஞ்சக் கூடாது, அப்போதுதான் அனுமதிக்கலாம். தீங்கு வரும் என்று ஊர்க்காரர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கு வராது என்று திட்டக்காரர் காட்ட வேண்டும். எல்லா நாட்டிலும் சட்டம் இப்படி இல்லை. ஆனால் ஒரு பாதுகாக்கப்பட்ட இடத்துக்கு ஐயத்தின் பாரம் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லையென்றால் ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற பலகைக்கு என்ன பொருள்?

ஓசையும் நடமாட்டமும் தொந்தரவு தருமா என்பதில் அறிவியல் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. கடலடியில் தூண் அடிக்கும் சத்தம் அருகிலுள்ள மீன்களைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடும் என்பது நிச்சயம். பறவைகளில், எத்தனை மீட்டரில் எழுந்து பறக்கின்றன என்று அளந்து, பறக்காதவை பாதிக்கப்படவில்லை என்று முடிவு செய்வது வழக்கம். அது தவறாகப் போகலாம். 2004இல் வெளிவந்த ஒரு சோதனையில் கல்திருப்பி உள்ளான்களில் ஒரு கூட்டத்துக்குச் சில நாட்கள் கூடுதலாகத் தீனி போட்டார்கள். தீனி கிடைத்தவைதான் மனிதர் வரும்போது சீக்கிரம் பறந்தன. பசியோடு இருந்தவை நின்று மேய்ந்தன. போக முடிந்தவை போகின்றன, போக முடியாதவை இருக்கின்றன. ஆகவே ‘பறவைகள் பழகிவிடும்’ என்ற வரிக்குக் கீழே எடை, இரையெடுக்கும் வேகம், பிழைப்பு விகிதம் போன்ற தரவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

திட்டக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. எல்லாப் பாதிப்பும் ஒரே கனமானது இல்லை. ஓட்டமுள்ள மணற்பாங்கான அடித்தளத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி மூடினால், அங்கிருந்த சிறு உயிர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் அல்லது ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடும். கட்டுமானக் காலத்துத் தூசி, தற்காலிகக் கலங்கல் ஆகியவற்றை நல்ல மேற்பார்வையால் கட்டுப்படுத்தலாம். ஏற்கெனவே கலங்கலான கழிமுகத்தில் கொஞ்சக் கலங்கல் கூடுவதைப் பேரழிவு என்று எழுதி ஆட்சேபம் அனுப்பினால், உங்கள் வலுவான வாதங்களும் சேர்ந்து தள்ளப்படும். ஆனால் கடற்புல் படுகை இருந்தால் கதையே வேறு. அதற்கு வெளிச்சம் வேண்டும், சில வாரக் கலங்கலே அதைக் கொன்றுவிடலாம், திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

அறிக்கைகளில் கடைசியாக வருவது இழப்பீட்டு வாழிடம்: இங்கே எடுக்கும் சேற்றுக்குப் பதிலாக வேறிடத்தில் கரையை உடைத்துக் கடல்நீரை உள்ளே விட்டுப் புதிய சேறு உண்டாக்குவோம் என்பது. இதைப் பொத்தாம்பொதுவாக ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் பறவைகள் வேகமாகவே வந்திருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் ஹம்பர் கழிமுகத்தில் 2003இல் கரை உடைத்து உருவாக்கிய பால் ஹோம் ஸ்ட்ரேஸ் பகுதியில், வண்டல் எதிர்பார்த்ததை விட வேகமாகப் படிந்து, சேற்றுநிலமாக இருக்க வேண்டிய இடங்கள் உவர்ச் சதுப்புச் செடிகள் முளைக்கும் மேடாகின. உவர்ச் சதுப்பும் நல்ல வாழிடம்தான், ஆனால் இழந்தது அதுவல்ல. நெதர்லாந்து பெல்ஜியம் எல்லையில், ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கான ஸ்கெல்ட் கழிமுகத்தை ஆழப்படுத்துவதோடு சேர்த்து, சுமார் 300 ஹெக்டேர் ஹெட்விகே விளைநிலத்தைக் கடலுக்குத் திருப்பித் தருவதாக 2005இல் ஒப்பந்தம் ஆனது. ஆழப்படுத்தும் வேலை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, 2022இல்தான் அங்கே ஓதம் உள்ளே வந்தது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: புதிய வாழிடம் வேலை செய்யத் தொடங்கியதை அளந்து காட்டிய பிறகுதான் பழையதை எடுப்பார்களா? பாதிப்பைத் தவிர்ப்பதும் குறைப்பதும் ஒரு வகை, வேறிடத்தில் ஈடு செய்வது வேறு வகை. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து ‘மீதப் பாதிப்பு இல்லை’ என்று கணக்கு முடித்திருந்தால் அந்தக் கணக்கைப் பிரித்துக் கேளுங்கள்.

கூட்டுப் பாதிப்பையும் மறக்க வேண்டாம். செயற்கைக்கோள் படங்களில் நல்ல பதிவு உள்ள பகுதிகளில் மட்டும் பார்த்தாலே, உலகின் ஓதச் சேற்றுநிலங்களில் சுமார் 16% 1984க்கும் 2016க்கும் இடையில் இல்லாமல் போயின. அது ஒரே திட்டத்தால் போனதில்லை, ஒவ்வொன்றும் ‘ஒரு சதவீதத்துக்கும் குறைவு’ என்று சொல்லக்கூடிய திட்டங்கள் பலவற்றாலும்தான் போனது. உங்கள் அறிக்கையில் அந்தச் சதவீதம் எந்த ஆண்டின் பரப்பை வைத்துக் கணக்கிடப்பட்டது? இன்று மிச்சமிருப்பதை வைத்தா, அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது இருந்ததை வைத்தா? அனுமதி பெற்று இன்னும் கட்டப்படாத மற்ற திட்டங்கள் சேர்க்கப்பட்டனவா?

கருத்துச் சொல்ல உங்களுக்குக் கொஞ்ச நாட்கள்தான் இருக்கும். அதனால் முடிவுரையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் வரைபடத்தில் எடுக்கப்படும் இடம் மேட்டுச் சேறா, தாழ்ந்த திட்டா என்று பாருங்கள். அப்புறம் பின்னிணைப்பில் ஆய்வுத் தேதிகள், ஓத நேரம், மாதிரி எடுத்த ஆழம், ஒப்பீட்டு இடங்கள். அதன் பிறகு கண்காணிப்பு நிபந்தனைகள்: எதை அளப்பார்கள், எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவார்கள், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, தரவு பொதுவில் வருமா? எண் குறிப்பிடாத ‘தொடர்ந்து கண்காணிக்கப்படும்’ என்ற வாக்கியம் எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. பின்னிணைப்புகளும் மூலத் தரவும் வெளியிடப்படவில்லை என்றால், உங்கள் ஆட்சேபக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அவற்றைக் கேளுங்கள், அவை கிடைக்கும் வரை கருத்துக் கேட்கும் காலத்தை நீட்டிக்கவும் கோருங்கள். அங்கே மீன்பிடிப்பவர்களிடமும் பேசுங்கள். எந்த ஓடையில் எந்த மாதம் குஞ்சு மீன் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தேதியோடும் இடத்தோடும் எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்றுதான்.